ஈ எதற்காக அலைந்தது?

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பாட்டி வடை சுட்ட கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னால், "பாட்டி வடை சுட்டுச்சு, காக்கா தூக்கிச்சு, நரி வந்துச்சு, வடை விழுந்துச்சு, அவ்ளோதான் டீச்சர்" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள் என்றாய். வரிசை தப்பவில்லை பார். நடந்ததெல்லாம் இருக்கிறது. நரி எதற்கு வந்தது, காக்கா எதற்கு வாயைத் திறந்தது என்பதுதான் இல்லை. நரிக்கு வடை வேண்டும், மரம் ஏறத் தெரியாது, அதனால் புகழ்கிறது. காக்கையின் குரலை அதுவரை யாரும் மெச்சியிருக்க மாட்டார்கள், அதனால் பாடுகிறது. இதெல்லாம் போய்விட்டால் மிஞ்சுவது கதை இல்லை, ஊராட்சி மினிட் புத்தகம்.

பிள்ளைகளைக் குறை சொல்லாதே. நான்சி ஸ்டைன், கிறிஸ்டின் கிளென் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 1979இல் கதையின் எலும்புக்கூட்டை ஆறாகப் பிரித்துக் காட்டினார்கள். யார் எங்கே இருந்தார், என்ன நடந்து கதை கிளம்பியது, அதனால் மனசில் என்ன தோன்றியது, என்ன செய்து பார்த்தார், என்ன ஆயிற்று, கடைசியில் எப்படி உணர்ந்தார். சின்னப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லும்போது அதிகம் நழுவுவது அந்த மனசுச் சங்கதிதான். என் வகுப்பிலும் அப்படித்தான் கண்டேன். கண்ணுக்குத் தெரிவது நாக்கில் நிற்கும், உள்ளே இருப்பதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அதற்காக ஆறையும் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடாதே. 'சிக்கல்', 'தீர்வு' என்றதுமே ஏழு வயதுப் பிள்ளைக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடும். "அதுக்கு என்ன வேணும்? கிடைச்சுதா? ஏன் கிடைக்கலை? அப்புறம் என்ன பண்ணுச்சு?" இவ்வளவு போதும்.

முதல் கதையாகப் பெயர் மறந்த ஈயை எடு. உன் பாட்டி உனக்குச் சொன்னதுதான். வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈ தன் பெயரை மறந்துவிடுகிறது. கன்றிடம் கேட்கிறது, தாய்ப்பசுவிடம் கேட்கிறது, மேய்ப்பவன், அவன் கைக் கோல், மரம், கொக்கு, குளம், மீன், வலைக்காரன், சட்டி, குயவன், மண், புல் என்று அலைந்து கடைசியில் குதிரையிடம் வருகிறது. குதிரை "ஈஈஈ" என்று கனைக்க, பெயர் கிடைத்துவிடுகிறது. இதைவிட நல்ல பாடக்கருவியை எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் தரவில்லை. ஈக்கு என்ன வேண்டும் என்பது முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. போகிற இடத்திலெல்லாம் "என் பேர் என்ன?" என்று அது கேட்டுக்கொண்டே இருப்பதால், எந்தப் பிள்ளையும் அதை மறக்க வழியில்லை. முயல்வது, தோற்பது, மறுபடி முயல்வது எல்லாம் தானாக நடக்கிறது.

கதை நன்றாகப் பழகியதும் ஒரு விளையாட்டு. "கொக்கை எடுத்துட்டா என்ன ஆகும்?" என்று கேள். என் வகுப்பில் ஒரு பையன், "பாட்டு இடிக்கும் சார், கதை இடிக்காது" என்றான். சரி, ஈ பெயரை மறக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது பேசாம வீட்டை மெழுகும்" என்றான். கதையின் தூண் எது, தோரணம் எது என்று அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அவனுக்கு அப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கவே வராது. எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி, அடியிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பாயே, அதை வைத்துக் கதை சொல்பவரைத் தேர்ந்தெடுக்காதே. அரும்பில் இருக்கிற பிள்ளை வாயால் மலர்க்காரர்களை விஞ்சலாம்.

இன்னொன்று. நீ சொன்ன கதையை உன்னிடமே திருப்பிச் சொல்ல வைத்தால் பிள்ளை சுருக்கத்தான் செய்யும். டீச்சருக்குத் தெரியாததா என்ன? கதை தெரியாத ஆளிடம் அனுப்பு. காலை உணவு சமைக்கிற அக்கா கைவேலை ஒழிந்து உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையை அனுப்பிச் சொல்ல வை. "நரி எதுக்குப்பா வந்துச்சு?" என்று அந்த அக்கா தானாகவே கேட்பார். நீ கேட்டால் அது கேள்வித்தாள், அவர் கேட்டால் பேச்சு.

கதை முடிந்த கையோடு நீதி கேட்கிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடு. அந்தக் கேள்வி வருமென்று தெரிந்தால் பிள்ளைகள் கதையைக் கேட்பதை விட்டுவிட்டு விடையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். எந்தக் கதைக்கும் "பொய் சொல்லக் கூடாது" என்று கையைத் தூக்குவதற்கு நாலு பேர் எப்போதும் தயார். அதே சமயம், காக்கா வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடியது என்று எவனாவது முடிவை மாற்றினால் திருத்தாதே. கதை எந்த இடத்தில் திரும்புகிறது என்று தெரிந்தவனால்தான் அங்கே கை வைக்க முடியும்.

அடுத்து அத்திரிபாச்சா கொழுக்கட்டை சொல். பலகாரத்தின் பெயரை மறந்த மாப்பிள்ளை கடைசியில் பெண்டாட்டியை அடிக்கிற மாதிரி வரும், அவள் கன்னம் கொழுக்கட்டையாக வீங்கியதும் அவனுக்குப் பெயர் ஞாபகம் வரும். நான் அதை மாற்றி, கோபத்தில் அவனே போய்த் தூணில் முட்டிக்கொள்வதாகச் சொல்வேன். வீங்குவது அவன் நெற்றி. கதை ஒரு அங்குலம்கூட நகரவில்லை, பிள்ளைகளுக்குச் சிரிப்பும் கூடுதல்.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். சனிக்கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி அந்தப் பக்கம் வருகிறான், கொடுத்தனுப்புகிறோம். பழைய பாட்டில்களை அவனிடமே கொடுத்துவிடு, அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

அன்புடன்,
அப்பா