ஏர்வாடி தர்கா ஹக்தார் குடும்பத்தாருக்கு மனநல முதலுதவிப் பயிற்சி அளிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஏர்வாடி தர்கா ஹக்தார் குடும்பங்களைச் சேர்ந்த இளையவர்கள்
(பெயர்களும் கையொப்பங்களும் இணைப்பில்)
ஏர்வாடி, இராமநாதபுரம் மாவட்டம்

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்
இராமநாதபுரம்

பொருள்: ஏர்வாடி தர்காவுக்கு வரும் மனநோயாளிகளை முதலில் சந்திக்கும் ஹக்தார் குடும்பத்தாருக்குப் பயிற்சி அளித்து, அரசின் மனநலத் திட்டத்தோடு எங்களை இணைக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவுகள் 95 மற்றும் 100.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பாதுஷா நாயகம் சுல்தான் செய்யது இப்ராஹிம் ஷஹீது அவர்கள் அடங்கியிருக்கும் தர்காவில் பரம்பரையாகச் சேவை செய்துவரும் ஹக்தார் குடும்பங்களில் பிறந்தவர்கள் நாங்கள். 12-ஆம் நூற்றாண்டில் மதீனாவிலிருந்து வந்தவர் நாயகம், அவர் நபிகளாரின் வாரிசு, எங்கள் குடும்பங்கள் அந்த உறவு வழியில் வந்தவை என்பது எங்கள் பெரியவர்கள் சொல்லித்தந்த வரலாறு.

இதை எழுதுகிற என் வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு சஜரா, அதாவது வம்சாவளிப் பட்டியல், இருக்கிறது. துணியில் ஒட்டிய பழுப்பேறிய தாள். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் பெயருக்கு மேல் பெயராக ஏறிக்கொண்டே போகும். சின்ன வயதில் வாப்பா அதைப் பாயில் விரித்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக் காட்டுவார். அந்தத் தாளைக் காட்டி எந்தச் சலுகையும் கேட்க நாங்கள் வரவில்லை. அதனால் எங்கள் தலையில் ஏறியிருக்கும் பொறுப்பைச் சரியாகச் செய்ய உங்கள் உதவி வேண்டும்.

ஏர்வாடியில் பேருந்தை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஹக்தார் வீட்டைத்தான். கேரளத்திலிருந்து வருகிறார்கள், ஆந்திரத்திலிருந்து வருகிறார்கள். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். அவர்களில் இந்துக்களும் ஏராளம். புத்தி பேதலித்த பிள்ளையை, தூக்கமில்லாமல் தனக்குத்தானே பேசும் மனைவியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "நாயகத்தோட ரத்தம் நீங்க, ஓதிப் பாருங்க" என்று நிற்கிறார்கள். தர்கா விளக்கின் எண்ணெயை நெற்றியில் தடவுவோம், தண்ணீர் ஓதிக் கொடுப்போம். கனவில் உத்தரவு வரும்வரை தங்குகிறோம் என்று சிலர் மாதக்கணக்கில் இருப்பார்கள். அத்தனை நாளும் அவர்களோடு பேசிப் பழகுகிறவர்கள் நாங்கள்தான். மருத்துவரிடம் சொல்லக் கூசுகிற விஷயத்தையெல்லாம் எங்களிடம் சொல்வார்கள்.

போன வருடம் விருதுநகர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா மகனோடு வந்தார். பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. மணிக்கட்டு இரண்டையும் சேலைக் கிழிசலால் கட்டியிருந்தார். "அவுத்துவிட்டா ஓடிருவான் பாய்" என்றார். கட்டிய இடத்தில் தோல் உரிந்து ஈ மொய்த்தது. அப்புறம் பேச்சுக்கொடுத்ததில், ஒரு வருடமாக மாத்திரை சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தான், மாத்திரையும் வேண்டுதலும் ஒன்றாகச் சேராது என்று யாரோ சொன்னதால் நிறுத்திவிட்டேன் என்றார். என் பெரிய வாப்பா பையனின் தலையில் கை வைத்து ஓதிமுடித்தார். பிறகு அந்த அம்மாவிடம், "ஓதுறது நம்ம கடமை, மருந்து கொடுக்கிறது டாக்டர் கடமை, ரெண்டையும் தந்தவன் ஒருத்தன்தான். வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். "நீங்க சொன்னா சரி பாய்" என்று அந்த அம்மா ஒரு மறுப்பும் சொல்லாமல் எழுந்து நடந்தார். போகும் வழியிலேயே கட்டை அவிழ்த்தோம். பையன் எங்கேயும் ஓடவில்லை.

"நீங்க சொன்னா சரி" என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மனு. அது எங்கள் படிப்புக்குக் கிடைத்த மரியாதை இல்லை. சஜராவில் இருக்கும் பெயர்களுக்காக மக்கள் தருவது. அதை வைத்து ஒருவரை மருத்துவரிடம் அனுப்பவும் முடியும், அனுப்பாமல் தடுத்துவிடவும் முடியும். எந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதை எங்களுக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை. பெரிய வாப்பாவுக்கு அனுபவம் இருந்தது. அடுத்த தலைமுறைக்கு அது தானாக வந்துவிடாது.

2001 ஆகஸ்ட் 6 எங்கள் ஊர் மறக்க முடியாத நாள். தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்துபோனார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. கூரை எரிந்த நாற்றம் அன்று முழுவதும் தெருவில் இருந்தது. வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன, நூற்றுக்கணக்கானவர்களை அரசு தன் பராமரிப்பில் எடுத்துக்கொண்டது. பிறகு தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மருத்துவமும் கிடைக்கட்டும் என்று அரசு தவா-துவா திட்டத்தைக் கொண்டுவந்தது. மருந்தும் பிரார்த்தனையும் கைகோத்துப் போகட்டும் என்ற அந்த எண்ணத்துக்கு நாங்கள் மனமார நன்றி சொல்கிறோம். அதில் 'துவா' என்ற பாதி எங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பாதிக்கும் பயிற்சி வேண்டும்.

எங்கள் மார்க்கம் இதற்குத் தடை சொல்லவில்லை. நோயைத் தந்த இறைவன் அதற்கு மருந்தையும் தந்திருக்கிறான், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிமொழி. வம்சப் பெருமைக்கும் நபிகளாரே எல்லை வைத்திருக்கிறார்கள். சொந்த மகள் பாத்திமாவிடம், என் பொருளில் நீ விரும்பியதைக் கேள், இறைவனிடத்தில் உனக்காக என்னால் எதுவும் செய்ய முடியாது என்றார்கள். மகளுக்கே அப்படியென்றால், எத்தனையோ தலைமுறை தாண்டி வந்த நாங்கள் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா?

பரம்பரையால் வரும் மரியாதையை ஊருக்குப் பயன்படுத்தியவர்கள் இருக்கிறார்கள். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டபோது, மலப்புரத்தில் பாணக்காடு முகமதலி ஷிஹாப் தங்ஙள் மக்களை அமைதி காக்கச் சொன்னார். நபி வழி வந்த குடும்பத்தவர் சொல்கிறார் என்று மக்கள் கேட்டார்கள். கேரளத்திலிருந்து ஏர்வாடிக்கு வருகிறவர்களில் பலர் அதே மரியாதையைத்தான் எங்கள் வாசலுக்கும் கொண்டுவருகிறார்கள்.

ஆகவே ஐயா, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களையும் ஆலோசகர்களையும் கொண்டு எங்கள் குடும்பத்தாருக்கு ஆண்டுதோறும் பயிற்சி தர உத்தரவிட வேண்டுகிறோம். வலிப்பு எது, மனச்சிதைவு எது, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது, மாத்திரையை நிறுத்தியவரிடம் எப்படிப் பேசுவது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அறிகுறிகள் எவை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நாங்கள் மருத்துவர்கள் ஆக ஆசைப்படவில்லை. மருத்துவரிடம் கொண்டுபோய் விடுகிறவர்களாக ஆனால் போதும்.

பயிற்சியில் எங்கள் வீட்டுப் பெண்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். வருகிற பெண்கள் ஆண்களிடம் முழுதாகப் பேச மாட்டார்கள். அடுப்படித் திண்ணையில் எங்கள் உம்மாவிடமும் லாத்தாமார்களிடமும்தான் அழுவார்கள். பிள்ளை பெற்ற சில வாரங்களில் மனம் கலங்கிப்போன தாய்மார்களை ஜின் பிடித்ததாகச் சொல்லி அழைத்துவருவது உண்டு. அது பிரசவத்துக்குப் பின் வரும் நோய், சிகிச்சையில் குணமாகும் என்று அந்தத் திண்ணையில் ஒரு பெண் சொன்னால் தாயும் பிழைப்பாள், பிள்ளையும் பிழைக்கும்.

வியாழன் மாலை தொடங்கும் வெள்ளி இரவில்தான் கூட்டம் அதிகம். துல்கஃதா மாத சந்தனக்கூட்டின்போது கேட்கவே வேண்டாம். அந்த நேரங்களில் மனநல மருத்துவரோ ஆலோசகரோ தர்கா அருகில் இருக்க ஏற்பாடு செய்தால், அழைத்துப் போகிறேன் என்று நாங்கள் சொன்ன கையோடு அழைத்துப் போய்விடலாம். மறுநாள் என்று தள்ளிப்போட்டால் பாதிப்பேர் மனம் மாறிவிடுகிறார்கள். அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி-மானஸின் 14416 எண்ணைத் தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி நான்கிலும் எழுதி வாசல்களில் வைக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

சட்டத்தின் 95-ஆம் பிரிவு மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. இதை எங்கள் மேல் எழுத்துமூலமாகவே கட்டாயமாக்குங்கள். கட்டப்பட்ட ஒருவரைப் பார்த்தால் உடனே தெரிவிப்போம் என்று ஒவ்வொரு குடும்பமும் கையெழுத்துப் போடத் தயார். தெரிவிக்க ஒரு அதிகாரியின் பெயரும் எண்ணும் மட்டும் வேண்டும்.

விட்டுவிட்டுப் போகப்பட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பிய உறவுகள் திரும்பாத நிலையில், தங்கள் ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இப்படித் திரிகிறவர்களைப் பாதுகாப்பில் எடுப்பது காவல்துறையின் கடமை என்று 100-ஆவது பிரிவு சொல்கிறது. அவர்களின் மொழி, பேச்சில் வரும் ஊர்ப் பெயர்கள், யாரோடு வந்தார்கள் என்ற விவரங்கள் பெரும்பாலும் எங்களுக்குத் தெரியும். அதைப் பதிந்து கொடுக்க ஒரு படிவம் தந்தால் நிரப்பித் தருகிறோம்.

முதல் பயிற்சிக்கு வரச் சம்மதித்த 23 பேரின் பட்டியலை இணைத்துள்ளோம். அதில் 9 பேர் பெண்கள். பயிற்சிக்கு இடமும் வருகிறவர்களுக்குச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளைக் குறித்தாலும் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
ஏர்வாடி தர்கா ஹக்தார் குடும்பத்து இளையவர்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், பயிற்சிக்கு விருப்பம் தெரிவித்தோர் பட்டியல்