படை வந்துவிடுகிறது, காவலர் வருவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னாட்டு நெருக்கடிகளில் ராணுவமும் குடிமைத் துறைகளும் இணைந்து செயல்படுவது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எல்லாத் தரப்பையும் ஒரே தலைமையின் கீழ்க் கொண்டுவந்துவிட்டால் குழப்பம் தீரும் என்று கட்டுரையாளர் முடிக்கிறார். தலைமை பிளவுபட்டிருப்பது கேடுதான், மறுக்கவில்லை. ஆனால், படைவீரர்கள் சில நாட்களில் வந்து இறங்கிவிட, காவலர்களும் நீதிபதிகளும் நிர்வாகிகளும் வந்து சேர மாதக்கணக்காகிறதே, அந்த இடைவெளியில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது என்பது என் கருத்து.

போஸ்னியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே நடந்த போரை முடித்துவைக்க 1995 டிசம்பரில் கையெழுத்தான டேட்டன் ஒப்பந்தத்தின்படி நேட்டோ தலைமையில் சுமார் 60,000 வீரர்கள் சென்றார்கள். குடிமைப் பணிகளுக்குப் பொறுப்பான உயர் பிரதிநிதிக்கு இந்தப் படையின் மீது எந்த அதிகாரமும் கிடையாது என்று ஒப்பந்தத்தின் பத்தாம் இணைப்பிலேயே எழுதி வைத்திருந்தார்கள். கட்டுரையாளர் சுட்டும் குறைக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. எதிரெதிர்ப் படைகளைப் பிரித்து நிறுத்தும் வேலையை நேட்டோ வீரர்கள் செம்மையாகவே செய்தார்கள். ஆனால் 1996 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தலைநகர் சரயேவோவின் செர்பியர் வாழ்ந்த புறநகர்ப் பகுதிகள் போஸ்னியாக்கர்-குரோவாட்டியர் கூட்டாட்சியின் கைக்கு மாறியபோது, கிர்பாவிட்சா போன்ற இடங்களில் வீடுகள் தீக்கிரையாயின. அங்கேயே தங்கிவிட விரும்பிய செர்பியர்களும் மிரட்டி விரட்டப்பட்டார்கள். காவல் பணி தங்கள் பொறுப்பு ஆகாது என்று படை ஒதுங்கி நின்றது. ஐ.நா. அனுப்பிய காவலர் குழுவோ ஆயுதமற்றது, அதிலும் வரவேண்டியவர்களில் பெரும்பாலோர் அப்போது வந்து சேரவில்லை. ஒரே தலைமை இருந்திருந்தால் படையை ஒதுங்க விடாமல் தடுத்திருக்கலாம் என்பது சரியே. காவலரே இல்லாத இடத்துக்கு அந்தத் தலைமை யாரை அனுப்பியிருக்கும்?

செர்பியப் படைகள் விலகிய கொசோவோவிலும் இதே கதைதான். பாதுகாப்புச் சபையின் 1244-ஆம் தீர்மானம் 1999 ஜூன் 10 அன்று நிறைவேறியது. இரண்டே நாட்களில் நேட்டோ படை உள்ளே நுழைந்தது. ஐ.நா. காவலர்கள் சிறுகச் சிறுகத்தான் வந்தார்கள். அதுவரை ரோந்து, கைது, தடுப்புக்காவல் எல்லாம் போர்ப் பயிற்சி மட்டுமே பெற்ற இளம் வீரர்களின் தலையில் விழுந்தன. சிறுபான்மையினரான செர்பியர்களும் ரோமா மக்களும் தாக்கப்பட்டு வெளியேறிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், பிடிபட்டவர்களை விசாரிக்க நம்பகமான நீதிமன்றம் இல்லை. வெளிநாட்டு நீதிபதிகளை நியமிக்க வழிசெய்யும் ஒழுங்குவிதி 2000 பிப்ரவரியில்தான் வந்தது.

இந்தத் தாமதத்துக்கு யாருடைய அலட்சியமும் காரணமில்லை. படைவீரருக்குப் போரில்லாத காலத்திலும் ஆயத்தமாக இருப்பதே வேலை. அவர் கிளம்பிப் போனால் முகாமில் எந்தப் பணியும் நின்றுவிடாது. காவல் ஆய்வாளரும் நீதிபதியும் அப்படியல்லர். அவர்களுக்குச் சொந்த நாட்டில் அன்றாடம் முடிக்க வேண்டிய வழக்குகள் உண்டு. மேலதிகாரிக்கு அவர்களை விடுவிக்க மனம் வராது. ஓராண்டு கழித்துத் திரும்பினால் பதவி உயர்வில் பின்தங்கியிருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் ஹெல்சிங்கியில் 60,000 வீரர்களை 60 நாட்களுக்குள் அனுப்பும் திறனை இலக்காக வைத்தது. மறு ஆண்டு போர்ச்சுகலின் பெய்ராவில், 5,000 காவலர்களைத் திரட்டுவதென்றும் அவர்களில் 1,000 பேர் 30 நாட்களுக்குள் புறப்படுவதென்றும் தீர்மானித்தது. எண்ணிக்கையை வாக்களிப்பதில் எந்த அரசுக்கும் சிரமம் இருந்ததில்லை. ஆளைப் பெயர் சொல்லிக் கேட்கும்போதுதான் கோப்பு நகராது.

காவலர் வராத இடத்தில் எல்லாவற்றையும் ராணுவமே ஏற்றுக்கொள்ளட்டும் என்ற வாதத்துக்கு ஆப்கானிஸ்தான் பதில் சொல்கிறது. 2003 தொடக்கத்தில் கார்டேஸில் அமைந்த முதல் மாகாண மறுசீரமைப்புக் குழுவை (வீரர்களும் குடிமை அலுவலர்களும் சேர்ந்த குழு) தொடர்ந்து, வீரர்களே பள்ளி கட்டுவதும் கிணறு வெட்டுவதும் பெருகின. 2004-இல் தெற்கே, உதவி தொடர வேண்டுமானால் தாலிபான் பற்றிய தகவல் தர வேண்டும் என்று கூட்டணிப் படைகள் துண்டறிக்கை வினியோகித்தன. அதே ஆண்டு ஜூனில் வடமேற்கு மாகாணமான பாட்கிஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஊழியர் ஐவர் கொல்லப்பட்டார்கள். விசாரணையில் அரசு காட்டிய மெத்தனத்தையும், உதவிப் பணியைப் படைகள் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்தியதையும் கண்டித்து, 24 ஆண்டுகள் அங்கே பணியாற்றிய அந்த அமைப்பு வெளியேறியது. தலைமையை ஒன்றாக்குவது பற்றிப் பேசும்போது கட்டுரையாளர் இந்தப் பக்கத்தைத் தொடாமல் போனது எனக்கு வியப்பாக இருந்தது.

அதே அமைப்பின் தலைவராக இருந்த ஜோன் லியூ, 2014 செப்டம்பரில் எபோலா மேற்கு ஆப்பிரிக்காவில் பரவியபோது, உயிரியல் பேரிடர்களைக் கையாளும் ராணுவப் பிரிவுகளை அனுப்பும்படி ஐ.நா.வில் கேட்டுக்கொண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் நாடியது படையின் போக்குவரத்தையும் ஒழுங்கையுமே, துப்பாக்கியை அல்ல. இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில், பிரிவினைப் போராளிகளுடன் சமாதானம் ஏற்பட்ட 2005-இல், படையே தேவைப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியமும் தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியானின் ஐந்து நாடுகளும் நார்வே, சுவிட்சர்லாந்துடன் சேர்ந்து அனுப்பிய ஆயுதமற்ற கண்காணிப்பாளர்களின் முன்னிலையில் போராளிகள் 840 துப்பாக்கிகளை ஒப்படைத்தார்கள். இரு தரப்பும் சமாதானத்தை விரும்பியதால் அது கூடிவந்தது என்பதும் உண்மை.

ஐ.நா. எந்நேரமும் புறப்படத் தயாராக ஒரு நிலையான காவலர் அணியை உருவாக்கியபோது, அதில் தொடக்கத்தில் இடம்பெற்றவர்கள் 25 பேர். இந்த எண்ணிக்கையைப் பெருக்குவதற்கும், அயல்பணிக்குச் செல்லும் காவலர், நீதிபதியின் இடத்தில் மாற்று ஆள் நியமிப்பதற்கும், திரும்பி வருபவரின் பணிமூப்பைக் காப்பதற்கும் உறுப்பு நாடுகள் எவ்வளவு செலவழிக்க வேண்டியிருக்கும் என்பதைக் கட்டுரையாளர் அடுத்து ஆராய்ந்து எழுதுவாரானால், தலைமை பற்றிய விவாதத்தைவிட அது அதிகம் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்