கறுக்க வறுத்தால் திக்காகுமா?

ஆசிரியருக்கு,

'காபிக் கொட்டையைக் கறுக்க வறுத்தால்தான் டிகாஷன் திக்காக இறங்கும்' என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை காபிப்பொடிக் கடைகளில் தினமும் காதில் விழும் பேச்சுதான். வறுக்கிற டிரம்முக்குள் நடப்பது வேறு.

பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் ஈரம் உண்டு. முதல் ஐந்தாறு நிமிடத் தீ அதை விரட்டவே சரியாகிவிடும். கொட்டை மஞ்சளாகி வைக்கோல் வாசனை அடிக்கும். 150 டிகிரி தாண்டினால் அது போய், ரொட்டி சுடுகிற மணம் வரும். சர்க்கரையும் புரதமும் கூடி நிறத்தையும் மணத்தையும் உண்டாக்கும் கட்டம் இது. 200 டிகிரியை ஒட்டி, உள்ளே அடைபட்ட நீராவி முட்டிக்கொண்டு வெளியேற, சோளப்பொரி போலப் படபடவென்று வெடிக்கும். கொட்டை உப்பும், மெல்லிய தோல் உமியாகப் பறக்கும். இந்தச் சத்தம் அடங்கி ஒன்றிரண்டு நிமிடத்தில் இறக்கினால் பில்டர் காபிக்குப் போதும். இன்னும் விட்டால் 225 டிகிரி வாக்கில் இரண்டாம் வெடிப்பு. இது எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி, சின்னதாக, வேகமாகக் கேட்கும். அப்போது உள்ளிருக்கும் எண்ணெய் மேலே வந்து மினுக்கும்.

அந்த மினுக்கைத்தான் பலர் தரம் என்று நம்புகிறார்கள். அதற்குள் கொட்டையின் சர்க்கரை ஏறக்குறைய முழுதும் தீர்ந்து, கரிக்கசப்பு ஏறியிருக்கும். வெளியே வந்த எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். நம்மூர் வெக்கையில் இன்னும் சீக்கிரம். எடையும் போகும். 1 கிலோ பச்சைக் கொட்டை நடுத்தர வறுவலில் 850 கிராம் அளவில் நிற்கும், கறுத்த வறுவலில் 800 கிராமுக்கு இறங்கும். அந்த 50 கிராமுக்கும் காசு கொடுப்பது வாங்குகிறவர்தான்.

காஃபீன் வறுவலால் பெரிதாகக் கூடுவதோ குறைவதோ இல்லை. அராபிகா வகைக் கொட்டையைவிட ரோபஸ்டா வகையில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. 'சுருக்'கென்று வேண்டுபவர்கள் பீபெரியோடு (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) கால் பங்கு ரோபஸ்டா கேட்டு வாங்கலாம். திக்கும் நிறமும் பெரும்பாலும் சிக்கரி என்கிற வறுத்த வேர்ப்பொடி தருவது; மிச்சம் பொடியின் நைஸைப் பொறுத்தது. சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தை லேபிளில் போட வேண்டும் என்பது விதி.

கறுப்பு நிறம் ஏமாற்றவும் செய்யும். ஆரம்பத்திலேயே தீயைக் கூட்டினால் வெளியே கறுத்து, உள்ளே வேகாமல் நிற்கும். ஒரு கொட்டையைக் கடித்து இரண்டாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். நடுவில் வெளிறியிருந்தால் காபியில் பச்சை வாடை அடிக்கும். சிறு தீயில் இழுத்தடித்தாலோ நிறம் வரும், மணம் வராது, குடித்தால் சப்பென்றிருக்கும். உருண்டைப் பீபெரியையும் தட்டைக் கொட்டையையும் ஒரே ஈட்டில் போட்டால் வறுவல் ஒன்றுபோல் வராது. தனித்தனியாக வறுத்துக் கலப்பதே முறை. இறக்கிய கொட்டையைத் தட்டில் கிளறி நாலைந்து நிமிடத்தில் ஆற்றாவிட்டால், தன் சூட்டிலேயே அது மேலும் வறுபடும். சிறு கடைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் இதில்தான். மின்விசிறி கொஞ்சம் மக்கர் பண்ணினாலே அந்த ஈடு ஒரு படி கறுத்துவிடும்.

'சுடச்சுட வறுத்து அரைச்சுக் குடுங்க' என்று நிற்பவர்களுக்கும் ஒன்று. வறுத்த கொட்டை கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அப்போதே அரைத்த பொடியில் வெந்நீர் ஊற்றினால் நுரைத்து எழும்பும், தண்ணீர் சீராக இறங்காது, டிகாஷன் வெளுத்துப் போகும். சூட்டோடு கட்டிய பையும் உப்பிக்கொள்ளும். மறுநாள் அரைத்தது மேல். அரை கிலோவாக வாங்கி அடுக்காமல், பத்து நாளில் தீருகிற அளவுக்கு 200 கிராம் வாங்கினால் போதும்.

பொட்டலத்தில் பேக் செய்த தேதி இருக்கிறது, வறுத்த தேதி பெரும்பாலும் இருப்பதில்லை. கடைக்காரர்கள் அதைப் பேனாவாலாவது எழுதிக் கொடுக்கலாம்.

காபிப்பொடி வியாபாரி ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81