காது சிவந்தால் சோணையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காது மடல் சிவந்து வீங்கி, தலையணையில் வைக்க முடியாமல் வலித்தால், பெரும்பாலும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கோடு விஷயம் முடிகிறது. முடிந்தும் விடுகிறது என்பதுதான் சிக்கல். ரிலாப்சிங் பாலிகான்ட்ரைட்டிஸ் என்ற அரிய நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே குருத்தெலும்பைத் தாக்குகிறது. அந்த வீக்கம் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாகவே வடியும். பெயர் மாத்திரைக்குப் போகும். அடுத்த முறை மற்றக் காது வீங்கும். அப்போதும் அதே மாத்திரைதான்.

பார்க்க வேண்டிய இடம் சோணை. தோடு போடும் அந்தக் கீழ்ச்சதையில் குருத்தெலும்பு கிடையாது. ஆகவே இந்நோயில் மடல் செக்கச்செவேலென்று இருக்க, சோணை மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கும். சோணையும் சேர்ந்து சிவந்தால் தோல் தொற்றைச் சந்தேகிக்கலாம். சோணையே தடித்து முடிச்சு முடிச்சாக இருந்தால் நம் ஊரில் முதலில் தொழுநோயை நினைக்க வேண்டும். மூக்குத்தண்டு அமுங்கிப்போவது தொழுநோய், இந்நோய் இரண்டிலும் உண்டு. மடலின் மேல்பகுதியில் காது குத்திச் சீழ் பிடித்தாலும் சோணை தப்பும்தான். ஆனால் அது குத்திய காதோடு நிற்கும். அதற்கு ஆன்டிபயாடிக் தாமதிக்கக் கூடாது. வழக்கமான அமாக்சிசிலினும் உதவாது, அங்கே அடிக்கடி இருக்கும் சூடோமோனாஸ் கிருமி அதற்கு அடங்காது.

காலில் வலிக்கும் முடிச்சுகள், ஊதாப் புள்ளிகள், கிருமியில்லாத சீழ்க்கொப்புளங்கள், திரும்பத் திரும்ப வாய்ப்புண்: தனித்தனியாக இவை எதுவும் இந்நோயைக் காட்டிக்கொடுக்காது. ஆனால் 2001இல் பிரான்சில் வெளியான, 200 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில், இந்நோய் மட்டும் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தோல் அறிகுறிகள் இருந்தன. எலும்பு மஜ்ஜைக் கோளாறும் சேர்ந்திருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு. எனவே 50 வயது தாண்டிய ஆணுக்குக் காதும் தோலும் சேர்ந்து படுத்தினால், ரத்தப் பரிசோதனைத் தாளில் ஹீமோகுளோபினோடு நிற்காமல் எம்.சி.வி. (சிவப்பணுக்களின் சராசரி அளவு) வரியையும் பாருங்கள். ரத்தசோகையோடு அது 100க்கு மேல் இருந்தால், காது, தோலோடு எலும்பு மஜ்ஜையையும் பாதிக்கும், 2020இல் அடையாளம் காணப்பட்ட வெக்சாஸ் நோய்க்கான யு.பி.ஏ.1 மரபணுச் சோதனையைக் கேட்க வேண்டும்.

இரு காதுகள், மூக்கு, மூச்சுக்குழாய், கண், உட்காது, மூட்டு ஆகிய ஆறில் மூன்று பாதிக்கப்பட்டால் இந்நோய் என்பது 1976ஆம் ஆண்டின் வரையறை. மூன்றும் சேரட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. குரல் கம்மினாலோ, குரல்வளை மேட்டைத் தொட்டால் வலித்தாலோ அன்றே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சுக்குழாயைப் பார்க்கும் சி.டி. ஸ்கேனை மூச்சை வெளியே விட்ட நிலையிலும் எடுக்கச் சொல்லுங்கள். இழுத்துப் பிடித்த நிலையில் மட்டும் எடுத்தால், தளர்ந்த மூச்சுக்குழாயும் விரிந்து நன்றாக இருப்பதுபோலத் தெரியும்.

வீங்கிய அன்றே செல்போனில் இரு காதுகளையும் சோணை தெரியப் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். நிபுணரிடம் நேரம் கிடைத்துப் போகும் நாளில் காது வடிந்திருக்கும்.

தோல் நோய் மருத்துவர்,
மதுரை