கிடங்கில் ஒப்படைத்த படகு மரத்தடிகள் வண்டு துளைத்து உளுத்தது குறித்தும் இழப்பீடு கோரியும் புகார்

அனுப்புநர்:
மரப் படகுப் பட்டறை உரிமையாளர்,
காசிமேடு, சென்னை.

பெறுநர்:
கிளை மேலாளர்,
மரச் சேமிப்புக் கிடங்கு,
மாதவரம், சென்னை.

நாள்: 02.07.2025

மதிப்பிற்குரிய ஐயா,

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி மரப் படகுகளைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்திவருகிறேன். 2024 செப்டம்பரில் தங்கள் மாதவரம் கிடங்கில் ஒப்படைத்த 46 கருவேலந்தடிகளும் 18 மாமரத் தடிகளும், 2025 ஏப்ரல் தொடக்கத்தில் நான் எடுக்க வந்தபோது வண்டு துளைத்து, தொட்ட இடமெல்லாம் மாவாக உதிரும் நிலையில் கிடந்தன. இதுபற்றி நான் கொடுத்த முதல் புகாருக்குத் தங்கள் அலுவலகம் மே மாதம் அனுப்பிய பதிலில், மரத்தில் பூச்சி வருவது இயற்கை என்றும், அந்தப் பூச்சி தடிகளோடு வெட்டிய இடத்திலிருந்தே வந்தது என்றும், ஆகவே நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்றும் கூறப்பட்டிருந்தது. பூச்சி தங்கள் கிடங்கில்தான் ஏறியது. அதற்கான சான்று தடிகளிலும் தங்கள் பதிவேட்டிலுமே இருக்கிறது.

தடிகளை ஏன் கிடங்கில் வைக்க நேர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதத்தில்தான் படகுகளைக் கரையேற்றி, உளுத்த பலகையையும் படகின் உட்புறக் குறுக்குச் சட்டங்களான வங்குகளையும் மாற்றுவார்கள். எங்களைப் போன்ற பட்டறைகளின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு அப்போதுதான் வருகிறது. வங்குக்கு ஏற்ற கருவேலந்தடி நினைத்த நேரத்தில் கடையில் கிடைக்கும் சரக்கு அல்ல. இயற்கையாகவே வளைந்து வளர்ந்த தடியை ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கி, முன்கூட்டியே வாங்கி, நிழலில் காயவைத்திருக்க வேண்டும். பழைய படகாசாரிகள் தடிகளைக் குளத்து நீரில் மாதக்கணக்கில் மூழ்க வைப்பார்கள். நீரில் முழுவதும் மூழ்கிக் கிடக்கும் தடியில் இந்த வண்டு முட்டையிட முடியாது. காசிமேட்டில் வலை விரிக்கவே இடம் போதாத நிலையில் குளத்துக்கு எங்கே போவது? அதனால்தான் மாதம் ரூ.4,500 வாடகைக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சியைக் கொல்லப் புகையூட்டுவதற்கான ரூ.3,000 தனிக் கட்டணத்துக்கும் சம்மதித்துத் தங்களிடம் ஒப்படைத்தேன்.

ஒப்படைக்கும்போது தங்கள் மேற்பார்வையாளர் தடிகளைப் புரட்டிப் பார்த்து எழுதிய வரவுச் சீட்டின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். "பட்டை நீக்கியது, முனைகளில் தார் பூசியது, பழைய ஊசித்துளை சில, மற்றபடி நல்ல நிலை" என்று அதில் இருக்கிறது. தடிகளைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சிமெண்ட் கட்டைகள்மேல் அடுக்குவது, கூரைக்குள் வைப்பது, மாதம் ஒருமுறை பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது, மருந்து ஏற்றாத பச்சை மரத்தை அதே கொட்டகையில் வைக்காமல் இருப்பது ஆகியவை ஒப்பந்தத்தில் தங்கள் நிறுவனமே எழுதித் தந்த நிபந்தனைகள். முதல் இரண்டும் காக்கப்பட்டன என்பதை மறுக்கவில்லை. கரையான் புற்றோ மண்தடமோ ஒரு தடியிலும் இல்லை. சேதம் முழுவதும் மற்ற இரண்டில் நேர்ந்த தவறுகளால் வந்தது.

தங்கள் பதிலில் ஊசித்துளைகளைச் சுட்டிக்காட்டி, பூச்சி முன்பே இருந்தது என்று வாதிட்டுள்ளீர்கள். இரண்டு வேறு பூச்சிகளின் வேலையை ஒன்றாகக் குழப்புவதால் வரும் வாதம் இது. மரத்தை வெட்டிப்போட்ட புதிதில், ஈரம் இருக்கும்போது நுழையும் சிறு வண்டு ஒன்று உண்டு. அது மரத்தைத் தின்பதில்லை. துளைக்குள் பூஞ்சையை வளர்த்து அதைத்தான் உண்கிறது. அந்தப் பூஞ்சையால் துளையின் ஓரம் கறுத்துவிடும், தூளும் உள்ளே தங்காது. மரம் காய்ந்தால் பூஞ்சை சாகும், வண்டும் சாகும். காய்ந்த மரத்தை அது மறுபடி தொடாது. வரவுச் சீட்டில் குறிக்கப்பட்ட ஊசித்துளைகள் இவைதான். இவை தடியின் வலுவைக் குறைப்பதில்லை என்பதை அறிந்தே வாங்கினேன், இவற்றுக்காக ஒரு ரூபாயும் கேட்கவில்லை.

இப்போது தடிகளில் இருப்பதோ முற்றிலும் வேறு. துளைகள் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் அகலம், சுத்தமான வட்டம், ஓரத்தில் கறுப்பே கிடையாது. உளியால் பிளந்தால் உள்ளே சுரங்கம் சுரங்கமாக, விரலிடையில் தேய்த்தால் முகப்பவுடர் போல நைசான தூள் அடைந்திருக்கிறது. உயிருள்ள வண்டுகள் சிலவற்றை மூடிய கண்ணாடிக் குப்பியில் எடுத்து வைத்துள்ளேன். கரும்பழுப்பு நிறம், உருளை வடிவம், மேலிருந்து பார்த்தால் தலை தெரியாதபடி முன்முதுகு மூடியிருக்கிறது. பின்புறச் சரிவில் இரண்டு முள் நீட்டிக்கொண்டிருக்கிறது. சினோசைலான் என்ற இனத்து வண்டு இது. தச்சர்களும் மரக்கடைக்காரர்களும் பொதுவாக உளுவண்டு என்பார்கள். காய்ந்த மரத்தின் வெளிப்பகுதியான வெள்ளையில் உள்ள மாவுச்சத்துதான் இதற்கு இரை. மூத்த வண்டே நேராகத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் முட்டையிடும். நம் ஊர் வெப்பத்தில் சில மாதங்களிலேயே அடுத்த தலைமுறை வெளியேறி பக்கத்துத் தடிக்குத் தாவும்.

இந்த வண்டு செப்டம்பரிலேயே உள்ளே இருந்திருந்தால், வாரக் கணக்கில் தடியின் அடியில் தூள் குவிந்திருக்கும். ஆனால் தங்கள் பதிவேட்டில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களுக்கு எதிரே "தூள் இல்லை, குறை இல்லை" என்று கையெழுத்தோடு இருக்கிறது. ஏப்ரலில் அந்தப் பக்கத்தைப் படமெடுக்கத் தங்கள் எழுத்தரே அனுமதித்தார். அந்தக் குறிப்பு உண்மை என்றால் பூச்சி அதற்குப் பிறகு வந்தது. பார்க்காமலே எழுதியது என்றால், கட்டணம் வாங்கிய ஆய்வு நடக்கவில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் பொறுப்பு தங்களுடையதே. நவம்பர் முதல் மார்ச் வரை அந்தப் பக்கம் வெறுமையாக இருப்பதற்கு எந்த விளக்கமும் இதுவரை தரப்படவில்லை.

அந்த நவம்பரில் நடந்தது என்ன என்பதுதான் இந்தப் புகாரின் மையம். தீபாவளி முடிந்த கையோடு, பெட்டியும், சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேலட்டும் செய்வதற்காகக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த ரப்பர் மரத் தடிகளும் அறுத்த பலகைகளும் என் தடிகள் இருந்த அதே கொட்டகையில், நடப்பதற்கு மட்டும் இடம் விட்டு அடுக்கப்பட்டன. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிக அதிகம். உளுவண்டுக்கு அதைவிடப் பிடித்த மரம் குறைவு. அதனால்தான் ரப்பர் மரத்தை அறுத்த உடனேயே வெங்காரம், போரிக் அமிலக் கரைசலை ஏற்றிவிடுவது அந்தத் தொழிலில் எல்லாரும் செய்யும் வேலை. தங்கள் கொட்டகைக்கு வந்த சரக்கில் தடிகள் பட்டையோடு இருந்தன, பலகைகளுக்கு மருந்து ஏற்றிய அடையாளமே இல்லை. டிசம்பரில் வாடகை கட்ட வந்தபோது பலகைகளின் கீழே வெள்ளைத் தூளைக் கண்டு, படமெடுத்து மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "மருந்து அடிக்கப் போகிறோம், நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்று எழுத்தில் பதில் வந்தது. படமும் பதிலும் இணைப்பில் உள்ளன. ரப்பர் சரக்கு மார்ச் வரை அங்கேயே இருந்தது. என் தடிகளில் அதற்கு அருகே இருந்த வரிசை சல்லடைக் கண்ணாகத் துளைபட்டிருக்க, கொட்டகையின் மறுகோடியில் இருந்த கடைசி வரிசையில் துளைகள் அரிதாகவே இருக்கின்றன. பூச்சி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

புகையூட்டல் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதற்குத் தனிப் பணம் வாங்கியிருக்கிறீர்கள். புகை வாயு மரத்துக்குள் ஊறிப் பூச்சியைக் கொல்வதற்கு நேரம் வேண்டும்; அதுவரை வாயு வெளியேறாமல் மூடிவைக்க வேண்டும். நம் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுத் தடிகளுக்கு, 2003ஆம் ஆண்டு மத்திய அரசின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை, 21 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் உள்ள வெப்பத்தில் கன மீட்டருக்கு 48 கிராம் மெத்தில் புரோமைடு வீதம் 24 மணி நேரம் என்று வரையறுத்திருக்கிறது. தாங்கள் பயன்படுத்தியதாக ரசீதில் எழுதியுள்ள அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கோ அதைவிடக் கூடுதலாக, நாள்கணக்கில் மூடி வைத்திருக்க வேண்டும். டிசம்பரில் காலையில் போர்த்திய தார்ப்பாயை அன்று மாலையே சுருட்டினார்கள் என்று கொட்டகையில் வேலைசெய்தவர்களே என்னிடம் கூறினார்கள். அந்தத் தார்ப்பாயை நானே பார்த்தேன். கிழிசல்களோடு, ஓரங்களில் மணல்மூட்டை எதுவும் இல்லாமல் மடங்கிக் கிடந்தது. முறையாகச் செய்திருந்தாலும் வாயு போன பிறகு மரத்தில் எந்தக் காப்பும் மிஞ்சாது. பக்கத்தில் உயிரோடு வண்டு இருக்கும் ரப்பர் சரக்கை வைத்துக்கொண்டு என் தடிகளுக்கு மட்டும் புகையூட்டியதால் என்ன பயன் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வெள்ளைதானே போயிற்று, மரத்தின் நடுப்பகுதியான வைரம் நன்றாகத்தானே இருக்கிறது என்றும் தங்கள் பதிலில் ஒரு வரி உண்டு. சதுரச் சட்டம் அறுப்பவருக்கு அது பொருந்தலாம். வளைந்த கருவேலந்தடியில் வங்குக்கு வேண்டிய வளைவின் வெளி ஓரம் பெரும்பாலும் வெள்ளையில்தான் அமைகிறது. உளுத்ததைச் செதுக்கித் தள்ளினால் கனமும் வளைவும் சேர்ந்தே குறைகிறது. அப்படிச் செதுக்கிப் பார்த்ததில் 46 தடிகளில் ஒன்பது மட்டுமே சிறு படகின் வங்குக்காவது தேறின. உளுத்த மரத்தில் போல்ட் பிடிக்காது. அதை வைத்துக் கட்டிய படகைக் கடலுக்கு அனுப்ப எந்தப் பட்டறைக்காரரும் துணிய மாட்டார். மாமரத்திலோ வெள்ளை வேறு, வைரம் வேறு என்று பிரிக்கவே வழியில்லை. அந்த 18 தடிகளும் முழுமையாகப் பாழ். தடைக்காலம் தொடங்குவதற்குச் சில நாள்களே இருந்த நிலையில், அறுவை மில்லில் கிடைத்ததைச் சொன்ன விலைக்கு வாங்கி, ஒப்புக்கொண்ட படகுகளை முடித்துக்கொடுத்தேன்.

வரவுச் சீட்டின் பின்புறம் சிற்றெழுத்தில் "பூச்சிச் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று அச்சிட்டிருப்பதையும் தங்கள் அலுவலகம் எடுத்துக்காட்டுகிறது. பூச்சி வராமல் காக்க முன்பக்கத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு, பின்பக்கத்தில் அதே பூச்சிக்குப் பொறுப்பைக் கைகழுவுவது எப்படி நியாயம் ஆகும் என்பது எனக்கு விளங்கவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151ஆம் பிரிவில், பிறர் பொருளைக் காவலுக்குப் பெற்றவர் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளின்மீது எடுத்துக்கொள்ளும் அதே கவனத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. உளுவண்டு ஏறிய சரக்கின் பக்கத்தில் யாரும் தன் சொந்தத் தடியை நான்கு மாதம் விட்டுவைக்க மாட்டார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரை நுகர்வோராகவே கருதுகிறது. அதே நியாயம் அந்த நோக்கத்துக்காகச் சேவையைப் பெறும் எனக்கும் பொருந்தும் என்பது என் வாதம். என் பட்டறையில் நானும் என் மகனுமே வேலைசெய்கிறோம்.

ஆகவே நான் கேட்பது இது. பயன்படாமல் போன கருவேலந்தடிகளின் கொள்முதல் விலை ரூ.1,64,000, மாமரத் தடிகளின் விலை ரூ.58,000, செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாத வாடகை ரூ.31,500, மூன்று முறை புகையூட்டியதாக வாங்கிய ரூ.9,000, அவசரத்தில் மாற்று மரம் வாங்கியதில் கூடுதலாகக் கொடுத்த ரூ.47,000 ஆக மொத்தம் ரூ.3,09,500 எனக்குத் தரப்பட வேண்டும். ஒவ்வொரு தொகைக்கும் உரிய ரசீதின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. வருமான இழப்பையும் மன உளைச்சலையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பேசி முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில்தான் விட்டிருக்கிறேன்.

பூச்சி எது, எப்போது ஏறியது என்பதில் தங்களுக்கு இன்னும் ஐயம் இருந்தால், இருதரப்பும் கையெழுத்திட்டு முத்திரையிட்ட மாதிரிகளைப் பெங்களூருவில் உள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அனுப்பிக் கருத்துப் பெற நான் தயார். செலவில் பாதியை ஏற்கிறேன். அதற்காகவே பாழான தடிகளை விறகுக்கு விற்காமல் பட்டறையின் பின்புறம் தனியாக, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அவை அதிக நாள் அங்கே இருந்தால் மற்ற மரத்துக்கும் வண்டு பரவும் என்பதால், பார்வையிடத் தங்கள் தரப்பில் ஒருவரை விரைவில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் எழுத்துமூலமான பதில் வராவிட்டால், சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். அப்படி முறையிடும்போது வருமான இழப்பும் கோரிக்கையில் சேரும் என்பதை இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன். கொட்டகையின் வாகன வரவுப் பதிவேட்டையும் 2024 செப்டம்பர் முதல் 2025 ஏப்ரல் வரையிலான ஆய்வுப் பதிவேட்டையும் அதுவரை மாற்றமின்றிப் பாதுகாக்கும்படியும் கோருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
(ஒப்பம்)
மரப் படகுப் பட்டறை உரிமையாளர், காசிமேடு.