குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். செயற்குழு மாதாமாதம் கூடியது, மழைக்கு முன்னால் வடிகால் தூர் வாரியாயிற்று, பொங்கல் விழாவும் நன்றாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனதைப் பற்றி.

அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் சனிக்கிழமை காலையில் போனோம். 1851-ல் தொடங்கிய இடம், எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்ட நினைத்தால் பிள்ளைகள் ஓடிக்கொண்டேதான் இருப்பார்கள். அதனால் ஒரே ஒரு வேலை கொடுத்தோம்: பொருளைப் படம் எடுக்க வேண்டாம், அதன் நிழலை எடுங்கள். ஃபிளாஷ் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டோம். ஃபிளாஷ் போட்டால் நிழலே அழிந்துபோகும் என்றதும் யாரும் மறுபேச்சு பேசவில்லை.

மரத்தடியிலேயே வெகுநேரம் போனது. இலை இடுக்குகள் கோணல்மாணலாக இருக்க, தரையில் விழும் வெளிச்சம் மட்டும் ஏன் வட்டம் வட்டமாக இருக்கிறது என்று ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். ஒவ்வொரு இடுக்கும் ஊசித்துளை கேமராபோல வேலை செய்கிறது, அந்த வட்டங்கள் எல்லாம் சூரியனின் பிம்பங்கள் என்று உடன் வந்த நம் இயற்பியல் ஆசிரியர் விளக்கினார். தங்கள் நிழல் காலடியில் கூராகவும் தலைப்பக்கம் மங்கலாகவும் இருப்பதையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை டிகிரி அகலம், அதனால் நிழல் ஒரு மீட்டர் தள்ளி விழுந்தாலே விளிம்பு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கலைந்துவிடும்.

அப்புறம் வெண்கலக் கூடம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். திருவாலங்காடு நடராஜருக்குத் திருவாசி, அதாவது சிலையைச் சுற்றி நிற்கும் சுடர் வளையம், இல்லை, ஆகவே நிழலில் கைகளும் தூக்கிய காலும் தடையில்லாமல் விரிகின்றன, முகமும் நகையும் மறைந்து உடம்பின் வளைவு மட்டும் நிற்கிறது. ஒரு விளக்குக்கு ஒரு நிழல், இரண்டு நிழல் சேரும் இடம் இன்னும் கறுப்பு என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். போனில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, பிரகாசத்தைக் குறைத்தால் நிழல் அழுத்தமாக வரும் என்பதைப் பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குக் காட்டிக் கொடுத்தார்கள். வழக்கமாக எட்டிப் பார்த்துவிட்டு நகரும் பிள்ளைகள் திருவெண்காடு அர்த்தநாரீஸ்வரரை விட்டு வர மனமில்லாமல் நின்றதைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்லி வற்புறுத்துவதைவிட இது நல்ல வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். படங்களை அச்சிட்டுச் சங்க அறையில் மாட்ட வேண்டும். டிசம்பர் கடைசியில் சென்னையில் ஒரு மீட்டர் குச்சிக்கு நண்பகலிலும் முக்கால் மீட்டர் நிழல் விழும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் ஒவ்வொரு நாள் அந்த நிழல் குச்சிக்கு அடியிலேயே ஒடுங்கிவிடும். அந்த நாட்களில் நம் மொட்டை மாடியிலேயே பிள்ளைகளைக் கூட்டிப் படம் எடுக்கலாம். போன் இல்லாத பிள்ளைகளுக்காகச் சங்கம் ஒரு சாதாரண கேமரா வாங்கிக்கொள்ளப் பொதுக்குழு அனுமதி தர வேண்டுகிறேன்.