மரக்கறி என்றால் விரதமா, துக்கமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வாரப் பதிப்பில் வருகிற சமையல் குறிப்புகளை வெட்டி கொப்பியில் ஒட்டி வைக்கிற ஆள் நான், அந்த உரிமையில் ஒரு குறை சொல்கிறேன். மரக்கறிச் சமையல் என்று தலைப்புப் போடுகிறீர்கள், உள்ளே பார்த்தால் பனீர், புரொக்கோலி, குடைமிளகாய், அப்புறம் ஓவன் அடுப்பில் 20 நிமிடம். வட்டக்கச்சியில் இருக்கிற நான் பனீருக்கு எங்கே போவது? கிளிநொச்சி டவுனில் தேடினால் ஒருவேளை கிடைக்கும், அதை வாங்கப் போய்வருகிற பஸ் காசுக்கு இங்கே நாலு பிடி கீரை வாங்கலாம். முற்றத்தில் முருங்கை நிற்கிறது, வேலியில் முசுட்டை படர்ந்து கிடக்கிறது, பின்வளவில் வாழை பொத்தி தள்ளியிருக்கிறது. இதுகளை வைத்து என்ன செய்யலாம் என்று ஒரு குறிப்பையும் காணோம்.

நான் மச்சத்தை, அதாவது மீன் இறைச்சியை, விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. பக்தியால் இல்லை. கிளினிக்கில் பிரஷரும் கூட, கொலஸ்ரோலும் கூட என்றார்கள். டொக்டர் முழுக்க விடச் சொல்லவுமில்லை, குறைக்கத்தான் சொன்னார், ஆனால் குறைக்கிற வேலை எனக்குச் சரிவராது, ஒரு துண்டு போட்டால் அடுத்த துண்டு தானாகத் தட்டுக்கு வந்துவிடும், அதனால் ஒரேயடியாக நிறுத்தினேன். முதலில் இறைச்சி, மூன்று மாதம் கழித்து மீன். இறைச்சியை விட்டது பெரிய பாடில்லை, பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிற மணந்தான் ஆளைக் கொன்றது. செய்தியைச் சொன்ன அன்றைக்கே மனைவி, "இஞ்சருங்கோ, உங்களுக்கெண்டு தனிச்சட்டி வைக்க என்னால ஏலாது" என்றார். நியாயம்தான். மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு என்று இருக்கிற வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு சமையல் என்பது சும்மா வேலையா? இப்படித்தான் 54 வயதில் நான் அகப்பை பிடித்தேன்.

வெளியே போனால் முதல் கேள்வி, "என்ன, விரதமோ?" இல்லை என்றால் குரலைத் தாழ்த்தி, "வீட்டில ஏதும் துக்கமோ, 31 முடியேல்லையோ?" இரண்டும் இல்லை, சும்மாதான் விட்டேன் என்றால் ஒருவரும் நம்புவதாக இல்லை. யோசித்துப் பார்த்தால் அவர்களில் பிழையில்லை. விரதம், செத்தவீடு, இவை இரண்டும் இல்லாவிட்டால் இல்லாமை, இதற்கு வெளியே மச்சம் இல்லாத சாப்பாட்டை வன்னியில் நாங்கள் எப்போது சாப்பிட்டோம்? 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தவர்களிடம் பருப்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். என் அக்கா இன்றைக்கும் மைசூர்ப் பருப்பைக் கண்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழும்புவார், அவருக்கு அதில் தெரிவது பருப்பு இல்லை, வெயிலில் கோப்பையோடு நின்ற வரிசை. பிறகு 2022, மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன, மீன் வந்தாலும் விலை கேட்டுவிட்டுத் திரும்பினோம். ஆக மரக்கறி என்றால் எங்களுக்கு வேறு வழியில்லாமல் சாப்பிடுகிற சாப்பாடு. ஆசைப்பட்டு, இதைச் சமைப்போம் என்று அடுப்படிக்குப் போகிற சாப்பாடாக நாங்கள் அதை நினைத்ததே இல்லை. சமைக்கிற விதத்திலும் அது தெரிகிறது. இறைச்சி என்றால் உள்ளி, இஞ்சி, ரம்பை, பெருஞ்சீரகம், வறுத்த தூள் என்று பத்துச் சாமான் எடுப்போம், பூசணிக்கு உப்பும் மஞ்சளும் போட்டு இறக்கிவிட்டுப் பூசணியில் உருசியில்லை என்போம்.

எனக்கு இது விளங்கியது ஒரு பிஞ்சுப் பலாக்காயில். கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு வெட்டினேன், இல்லாவிட்டால் அந்தப் பால் ஒரு கிழமைக்குக் கையை விடாது. துண்டுகளை மஞ்சளும் உப்பும் போட்டு அரை அவியல் அவித்து வடித்தேன். மண்சட்டியில் கொஞ்ச எண்ணெய், சின்ன வெங்காயம் நிறைய, வெந்தயம், கறிவேப்பிலை, ரம்பை, இடித்த இஞ்சி உள்ளி, வெங்காயம் நன்றாகச் சிவந்த பிறகு பலாக்காயைப் போட்டுத் தூளோடு பிரட்டினேன், பிறகு இரண்டாம் பால் விட்டு மூடிவைத்தேன். வற்றி வருகிறபோது கட்டிப்பால் இரண்டு அகப்பை மட்டும், இறக்குகிற நேரம் வறுத்து இடித்த பெருஞ்சீரகமும் மிளகும், இறக்கிய பிறகு தேசிப்புளி. அந்த மணம் குசினிக்கு வெளியே போனதும் மனைவி வந்து மூடியைத் திறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் தன்னுடைய கோழிக் குழம்பை ஒதுக்கி வைத்துவிட்டு என் சட்டியில் அள்ளினார்! இறைச்சிக் கறியின் உருசி என்று இவ்வளவு காலமும் நான் நினைத்ததில் பாதிக்கு மேல் தூளும் தாளிதமும் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

சரி, உடம்புக்கு வருகிறேன். மச்சத்தை விட்டால் கொலஸ்ரோல் தானாக இறங்கும் என்று நினைப்பவர்களுக்கு என் முதல் இரண்டு மாதத்தைச் சொல்ல வேண்டும். இறைச்சி இல்லாத குறையைச் சோற்றால் நிரப்பினேன். வெள்ளை அரிசிச் சோறு மலைபோல, பக்கத்தில் உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம், மோர்மிளகாய், பக்கெற்றோடு வருகிற தூளைப் போட்டு சோயாமீட். மூன்று கிலோ ஏறினேன், சீனியும் எல்லைக்கு வந்துவிட்டது. கிளினிக் மிஸ் என்ன சாப்பிடுகிறேன் என்று விபரமாகக் கேட்டுவிட்டு, "ஐயா, நீங்கள் மச்சத்தை விட்டிருக்கிறியள், எண்ணெயையும் உப்பையும் விடேல்லை" என்றார். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உள்ளே. அந்த ஒரு கரண்டியை நான் மோர்மிளகாயிலும் அப்பளத்திலுமே பாதி முடித்திருப்பேன்.

இப்போது காலையில் குரக்கன் புட்டு, அல்லது அவித்த கௌபியோ பயறோ தேங்காய்ப்பூவோடு. மத்தியானம் சிவப்பரிசி, அதுவும் தட்டில் கால்வாசி, மற்றதெல்லாம் கறியும் கீரையும். பருப்புக் கட்டாயம். சமைக்காத 100 கிராம் மைசூர்ப் பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது, தவிர அரிசியின் புரதத்தில் குறைவதைப் பருப்பும் பருப்பில் குறைவதை அரிசியும் நிரப்பிவிடும், சோறும் பருப்பும் ஏழைச் சாப்பாடு என்று முகம் சுளிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அக்காவுக்கும் வழி கண்டுபிடித்தாயிற்று, மைசூர்ப் பருப்புக்குப் பதில் வறுத்த பயறு போட்டு முருங்கையிலையோடு கடைந்து கொடுத்தேன், தட்டைத் தள்ளவில்லை. முருங்கையிலை, பொன்னாங்காணி எதுவென்றாலும் இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள், கீரையில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு வெறும் தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் இதைக் கெடுக்கிறது, தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிக்கலாம். எனக்கு அந்த ஒரு மணித்தியாலம் இன்னும் பெரிய தவம். அப்புறம் விற்றமின் பி12, இது ஒன்று மட்டும் வளவில் முளைக்காது. பால், தயிர், முட்டையில்தான் வரவேண்டும், அவற்றையும் விடுபவர்கள் டொக்டரிடம் கேட்டுக் குளிசை எடுக்க வேண்டும். நல்லவேளை, தயிருக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. நான் முட்டையும் சாப்பிடுகிறேன், முட்டை சைவமா என்று யாரும் பதில் கடிதம் எழுதிச் சண்டைக்கு வரவேண்டாம்.

கடைச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் ஏ9 வீதிக் கடையொன்றில் மரக்கறிக் கொத்துக் கேட்டேன், நன்றாகத்தான் இருந்தது, சந்தேகத்துக்கு மேல் நன்றாக இருந்ததால் என்ன குழம்பு விட்டது என்று கேட்டேன். "கோழிக் குழம்பு தான் அண்ணை, துண்டு ஒண்டும் போடேல்லை" என்றான் பொடியன், எனக்கு உபகாரம் செய்த முகத்தோடு. சம்பலில் மாசிக் கருவாடு இருக்கும், அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வீட்டுச் சமையலை விட்டால் வழியில்லை என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே ஆசிரியர் ஐயா, பனீரைக் கொஞ்சக் காலத்துக்கு நிறுத்திவையுங்கள். வாழைப்பொத்தி வறை, உழுந்தங்களி, பலாக்கொட்டையும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு, மழைக்கு வருகிற கீரைகள் என்று போடுங்கள், முல்லைத்தீவில் ஒரு அம்மாவிடமோ நெடுங்கேணியில் ஒரு ஆச்சியிடமோ கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. எனக்கும் ஒரு தேவை இருக்கிறது. பூநகரி ஒடியல் மா, அதுதான் காயவைத்த பனங்கிழங்கு மா, வாங்கி, ஊறவிட்டுக் கயர்ப்பைப் பிழிந்து, மூன்று முறை சைவக் கூழ் காய்ச்சிப் பார்த்துவிட்டேன். பயத்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை, பழப்புளி, செத்தல் மிளகாய் எல்லாம் போட்டும் றாலும் நண்டும் இல்லாத கூழ் ஏதோ ஒன்றைத் தொலைத்த மாதிரியே இருக்கிறது. என்ன விடுபடுகிறது என்று தெரிந்த வாசகர்கள் உங்கள் பக்கத்தில் எழுதினால் நாலாம் முறையும் காய்ச்சத் தயார்.

இப்படிக்கு,
வட்டக்கச்சி வாசகன்